தேரன்று ஷிப்ட் மாற்றம் கிடையாது

செல்லக்கிளி தன் வயிற்றில் பிறந்த மகனை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் படித்தவர்களுக்கு இது தெரியும். படிக்காதவர்கள் பதற வேண்டாம். அவளுக்கே பழகிவிட்டது.

சுபிட்சம் ஸ்டோரின் கே.கே. நகர் கிளையில் அவள் பார்ட் டைம். காலையில் கொஞ்ச நேரம் பில் போடுவாள், மிச்ச நேரத்தில் குடும்பம் நடத்துவாள். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று சொல்லி ஆட்களையெல்லாம் ஸ்ரீரங்கம் கிளைக்கு அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்தில் அதற்குச் சற்று முன்னால்தான் அவள் மகன் வளவன் மேனேஜராகச் சேர்ந்திருந்தான்.

சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கம்பெனியில் இருக்கக் கூடாது என்பது சுபிட்சத்தின் சட்டம். "உங்க சொந்தக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். பார்ட் டைம் எல்லாம் ஒரு ஆளா என்ற நினைப்பில் வளவன் இல்லை என்று சொல்லிவிட்டான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குத் தாய் இல்லை.

கடையில் அவள் அவனை "சார்" என்பாள். அவன் அவளை "அக்கா" என்பான். அந்தக் கணக்குப்படி அவனுடைய சொந்தத் தங்கை அனுசுயா அவனுக்கு அக்கா மகள், கட்டிக்கொள்கிற முறை. கூட்டம் அதிகம் என்பதால் யாரும் இதை யோசித்துப் பார்க்கவில்லை.

வீட்டுத் தலைவர் வீரமலை லாரி ஓட்டுகிறவர். போன வாரம் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். இந்த வாரமும் அங்கேதான் இறக்கிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய லோடு.

அனுசுயா வாழ்க்கைப்பட்டிருப்பது லால்குடியில். மாமியார் பெயர் அமிர்தம். பெயர் வைத்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். அந்த அம்மாள் முறைத்தால் பால் திரியும். உறை ஊற்றத் தயிர் இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்தார் பால் சட்டியோடு வந்து அவளை ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள்.

ஒன்பதாவது மாசத்திலும் அனுசுயா அந்த வீட்டில் மாடிக்குத் தண்ணீர் சுமந்தாள். "அம்மா, என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு" என்று போனில் அழுதாள். இன்றைக்கு அவளுக்கு வளைகாப்பு. அமிர்தம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்:

"பெத்தவதான் முதல் வளையல் போடணும். போட்டுட்டுக் கையோட கூட்டிட்டுப் போகட்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள வரலைன்னா முதல் வளையலை நானே போட்டுடுவேன். அப்புறம் பொண்ணு இங்கேயே கிடந்து பெத்துக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ஸ்ரீரங்கத்தில் தைத்தேர்.

செல்லக்கிளி புளிச்சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் முடிந்து தூக்குவாளிகளில் ஏறியிருந்தன. கண்ணாடி வளையல்கள் அட்டைப் பெட்டியில் தயாராக இருந்தன.

தேர் நாளில் பார்ட் டைம் ஆட்களும் மதியம் இரண்டு மணி வரை நிற்க வேண்டும். அதற்கும் அவள் வழி செய்து வைத்திருந்தாள். டெல்பினுக்காகக் கிறிஸ்துமஸ் காலை ஷிப்டை இவள் பார்த்தாள். அதற்குப் பதிலாக, டெல்பின் இன்றைக்குச் சர்ச் பூசை முடிந்ததும் பத்து மணிக்கு வந்து இவளுடைய மூன்றாம் கவுண்டரை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மேனேஜர் சாரும் சரி என்று சொல்லியிருந்தார்.

அடுப்புப் பக்கத்தில் போன் கிணுங்கியது. கடையின் வாட்ஸ்ஆப் குரூப்.

"இன்று தேர். ஏரியா மேனேஜர் வருகிறார். ஷிப்ட் மாற்றம் அனைத்தும் ரத்து. படித்தவர்கள் கட்டைவிரல் போடவும். இப்படிக்கு, மேனேஜர்."

செய்தி கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்திருந்தது. நடுவில் கதவுகூடக் கிடையாது, ஒரு திரைதான். ஆனாலும் எங்கெங்கேயோ வானத்தில் சுற்றிவிட்டுத்தான் வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் துண்டு கட்டிக்கொண்டு சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தார்.

"டேய்."

சாக்ஸ் தேடுவது தொடர்ந்தது.

"மேனேஜர் சார்."

"என்னம்மா?"

"இது என்னடா?"

"எல்லாருக்கும் பொதுவாப் போட்டதும்மா."

"அந்த எல்லாரும்ல நான் உண்டா இல்லையா?"

"உன்னை மட்டும் எப்படிம்மா விட முடியும்? நல்லதம்பி சார் வரார். அவர் வாயால சரின்னு சொன்னாத்தான் என்னை நிரந்தரம் பண்ணுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"உன் தங்கச்சி கால் வீங்கிக் கிடக்குறாடா."

வளவன் ஒற்றைச் சாக்ஸோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கும் தங்கை மேல் பாசம் உண்டு. நேரம்தான் இல்லை.

"நீ எப்பவும் போல வா. பத்து மணிக்கு நான் கண்ணைக் காட்டறேன். பின்பக்கமா நழுவிடு. யாரும் கேக்க மாட்டாங்க."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியம்மா."

"என் மேல எதுக்குடா? உன் மேல பண்ணு."

அவன் இன்னொரு சாக்ஸைத் தேடப் போனான். போன இடத்திலிருந்து குரல் வந்தது.

"கட்டைவிரல் போடும்மா. நீ ஒருத்திதான் பாக்கி."

செல்லக்கிளி போட்டாள். கையில் இருந்த புளிக்காய்ச்சல் போன் திரையில் அப்பிக்கொண்டது.

கடைக்கு இருவரும் ஒன்றாகப் போவதில்லை. மேனேஜர் பைக்கில் போனார். தூக்கு, தட்டு, கூடை, வளையல் பெட்டி அவ்வளவையும் தாய் பஸ்ஸில் கொண்டு போனாள். மேனேஜர் வண்டியில் புளிச்சாதம் தொங்கினால் ஸ்டாஃப் பார்த்துவிடுவார்கள் அல்லவா?

பஸ்ஸில் தூக்குகளை சீட்டில் வைத்தாள். கண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் கேட்டார். மகளிருக்கு இலவசம்தானே என்றாள். "தூக்கு மகளிரா?" என்றார். உள்ளே இருப்பது வளைகாப்புச் சாதம் என்றதும் கொஞ்சம் யோசித்து, சரி என்று விட்டுவிட்டார்.

தேருக்காக அம்மா மண்டபம் ரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கடை வரை நடந்தாள்.

கடைக்கு வாடிக்கையாளர்கள் கொண்டு வரும் பைகளை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். செல்லக்கிளி தன் மகளின் வளைகாப்பை அங்கே ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு கவுண்டரில் ஏறினாள்.

சுபிட்சத்தின் ஏசியைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் உள்ளே போன ஒரு பெரியவர், பருப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மார்கழி பிறந்துவிட்டதாக நினைத்து நேரே குளிக்கப் போய்விட்டார். தேர் நாளில் கூட்டத்தின் பாதிப் பேர் அந்த ஏசிக்காகவே உள்ளே வந்தார்கள். வந்ததற்கு மரியாதையாகக் கற்பூரம் வாங்கினார்கள்.

பக்கத்துக் கவுண்டர் ஆலியா கேட்டாள்: "ஏன்க்கா, உங்களுக்கு இன்னிக்கு மாத்தி விடறதா இருந்துச்சுல்ல?"

"ரத்துன்னு போட்டாங்களே."

"பொண்ணு வளைகாப்புக்குக்கூடவா? அந்த ஆளுக்கு ஏன்க்கா உங்க மேல மட்டும் இவ்வளவு காண்டு? எங்களை எல்லாம் ஒண்ணு சொன்னா உங்களை ஒன்பது சொல்றான். அவனுக்கு ஒரு அம்மா இருந்திருந்தா இப்படிப் பண்ணுவானா?"

"இருப்பா. பாவம், அவ என்ன பண்ணுவா?"

"அவளைத்தான் சொல்லணும். என்னத்தைச் சொல்லி வளர்த்தாளோ!"

"ஆமா" என்றாள் செல்லக்கிளி. "அவளைத்தான் சொல்லணும்."

ஒன்பது மணிக்கு மேல் ஏரியா மேனேஜர் நல்லதம்பி வந்தார். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. அவர் சிரித்தால் அன்றைக்கு ஒருவருக்கு வேலை போகும் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒருமுறை கே.கே. நகரில் அவருக்குத் தும்மல் வருவதுபோல் வந்து முகம் கோணியது. அதைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்ட வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இப்போது அங்கே ஆடு வளர்க்கிறார். நன்றாக இருக்கிறார்.

நல்லதம்பி கண்ணாடி அறைக்குள் போகாமல் பில் கவுண்டர்களுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வளவன் பக்கத்தில் நின்றான்.

பத்து மணி ஆயிற்று. செல்லக்கிளி மகனின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் பிஸ்கட் ரேக்கைப் பார்த்தது. பிறகு விளக்கைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, வாசலில் தேர்க் கூட்டத்தைப் பார்த்தது. மூன்றாம் கவுண்டர் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

வர வேண்டிய டெல்பினையும் காணோம். கடைத்தெருவில் கூட்டம், காவிரிப் பாலத்தில் கூட்டம்.

செல்லக்கிளி பொறுத்துப் பார்த்தாள். பிறகு 'அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்' என்ற அட்டையை எடுத்து வைத்துவிட்டு நேராகப் போய் நின்றாள்.

"சார், நான் கிளம்பணும். பத்து மணிக்கு விடறேன்னு சொன்னீங்க."

நல்லதம்பி நிமிர்ந்தார். "சொன்னீங்களா வளவன்?"

வளவன் மறுபடி பிஸ்கட் ரேக்கைப் பார்த்தான். "இல்லை சார்."

"அப்ப இந்தம்மா பொய் சொல்றாங்களா?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க சார். வயசாயிடுச்சு."

செல்லக்கிளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் நல்லதம்பி. குரலில் கோபமே இல்லை.

"என் பொண்ணுக்கு லால்குடில வளைகாப்பு சார். நான் போய் முதல் வளையல் போட்டாத்தான் பொண்ணை என்கூட அனுப்புவாங்க. நேரம் தாண்டிட்டா அனுப்ப மாட்டாங்க."

"உங்களுக்குப் பையன் யாரும் இல்லையா?"

"இருக்கான் சார்."

"அவனை அனுப்ப வேண்டியதுதானே?"

"வேலைக்குப் போயிருக்கான் சார். அங்க லீவு தர மாட்டாங்க."

"தங்கச்சி வளைகாப்புக்குக்கூட லீவு தராத கம்பெனியா? எந்தக் கம்பெனிம்மா அது?"

"நல்ல கம்பெனிதான் சார்."

பிஸ்கட் ரேக்கில் எத்தனை வகை இருந்ததோ அத்தனையும் வளவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

"முடிவு உங்களது" என்று அவன் பக்கம் திரும்பினார் நல்லதம்பி. "கிளை உங்க கையில. நான் சும்மா பார்க்க வந்தவன்."

வளவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான். வேண்டியதற்கு மேல் சத்தமாகப் பேசினான்.

"ரெண்டு மணிக்கு முன்னாடி கவுண்டரை விட்டு இறங்கினா அப்படியே வீட்டுக்குப் போயிடலாம் அக்கா. திரும்ப வர வேணாம். பார்ட் டைம்னா நினைச்சா வரலாம், நினைச்சா போகலாம்னு நினைச்சீங்களா? உங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கடையை மூட முடியாது."

ஆலியாவின் கையில் இருந்த ஷாம்பு பாட்டில் பில் ஆகாமல் நின்றது.

இத்தனை நீளமாக, ஒரு எழுத்துகூட இடறாமல் அவன் பேசி செல்லக்கிளி கேட்டதில்லை. சின்ன வயதில் அவனுக்குத் திக்கல். விடியற்காலையில் வசம்பு இழைத்து அவன் நாக்கில் தடவித் தடவித் திருத்தியது அவள்தான். நன்றாகவே திருத்தியிருந்தாள்.

இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் வளவன் சம்பளம் பைக்குக்குப் போகிறது, வீரமலை சம்பாதிப்பது லாரிக்கே போகிறது. அடுப்புக்கு வருவது இவள் சம்பளம் மட்டும். அதையும் விட்டுவிட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வந்து எதைப் பொங்கிப் போடுவது? அவள் திரும்பிப் போய் அட்டையை எடுத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

நல்லதம்பிக்கு மனம் நிறைந்துவிட்டது.

"இப்படித்தான் இருக்கணும். மேனேஜர்னா மனசுல ஈரம் இருக்கக் கூடாது, தரை வழுக்கும்" என்றார். "ஆமா, நீங்களும் இன்னிக்கு ஏதோ குடும்ப விசேஷம்னு லீவு கேட்டிருந்தீங்களே?"

"பரவால்ல சார், வேலைதான் முக்கியம்."

"அட, போயிட்டு வாங்க. நான் இருக்கேன்ல? உழைக்கிறவனுக்கு ஒரு அரை நாள் தரலைன்னா எப்படி?"

தங்கையின் வளைகாப்புக்கு அண்ணனுக்கு லீவு கிடைத்தது. தாய்க்குக் கொடுக்க மறுத்ததற்கான பரிசு அது.

வெறுங்கையோடு எப்படிப் போவது? சாதமும் வளையலும் வாசலில், டோக்கன் தாயின் இடுப்பில். வளவன் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கவுண்டர் வரிசையில் நின்றான்.

அவன் முறை வந்தது. செல்லக்கிளி தீப்பெட்டிக்கு பில் போட்டாள். பில்லோடு டோக்கனையும் சேர்த்து நீட்டினாள். உதடு அசையாமல் பேசிக்கொண்டார்கள்.

"என்னையும் விடச் சொல்லுடா. அதான் நீயே கிளம்புறியே."

"இப்பப் போய் மாத்திச் சொன்னா சந்தேகப்படுவார்ம்மா."

"எம் பொண்ணுடா."

"நான் அத்தைகிட்டப் பேசிக்கறேன். நான் தாய்மாமன், எனக்கு மரியாதை இல்லையா? கூட்டிட்டு வந்துடறேன்."

"அவளைக் கூட்டிட்டு வராம வீட்டுப் படி ஏறாத." அவள் சில்லறையை எண்ணாமலே கொடுத்தாள். "புளிச்சாதத் தூக்கு மூடி இறுக்கம். பார்த்துத் திற."

"தேங்க்ஸ்க்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வளவன் போனான்.

மேனேஜர் தன் பையை வாங்குகிறார் என்று வாட்ச்மேனே தூக்குகளைப் பைக்கில் மாட்டிக் கொடுத்தார். காலையில் தொங்கக் கூடாத புளிச்சாதம் இப்போது ஜாம் ஜாம் என்று தொங்கிக்கொண்டு போயிற்று.

பதினொன்று தாண்டிய பிறகு டெல்பின் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். சர்ச்சில் போனை அணைத்து வைத்தவள் திரும்பத் திறக்கவே இல்லை. ரத்து என்ற செய்தி அவளுக்குத் தெரியாது. மெயின்கார்டு கேட்டிலிருந்து நடந்தே பாலத்தைக் கடந்து வந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. இறங்குங்க, இறங்குங்க. ஆட்டோ பிடிச்சா இன்னும் போயிடலாம்."

"மேனேஜர் விட மாட்டேன்னுட்டார்ம்மா."

டெல்பினுக்குப் பயம் என்பது பழக்கமில்லை. நேராக நல்லதம்பி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், கிறிஸ்துமஸ் அன்னிக்கு எனக்காக இவங்க நின்னாங்க. இன்னிக்கு இவங்களுக்காக நான் நிக்கறேன். கவுண்டர்ல ஆள் இருந்தாப் போதும்தானே, அது யாரா இருந்தா என்ன?"

நல்லதம்பி யோசித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருக்கு இரக்கம் வந்தது. அது அடிக்கடி வருகிற பொருள் இல்லை என்பதால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் சற்றுத் திணறினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. ஆள் இருக்கில்ல? ஆனா அவர் போட்ட முடிவை நான் மாத்தினா நல்லா இருக்காது. ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அவர் போனைத் தாம்பூலத் தட்டுப் பிடிப்பதுபோல் உள்ளங்கையில் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவார். கையில் தூக்கு இருந்ததால் வளவனும் ஸ்பீக்கரில்தான் எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"இப்பத்தான் சார் விசேஷ வீட்டு வாசல்ல இறங்கறேன்."

"அந்த மூணாம் கவுண்டர் அம்மாவுக்குப் பதிலா ஆள் வந்திருக்கு. விட்டுடலாமா? என்ன சொல்றீங்க?"

மூன்றாம் கவுண்டர் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். சரி என்று ஒரே ஒரு சொல். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏரியா மேனேஜர் தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று வளவனுக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கம்பெனியில் யாரும் யாரையும் சும்மா கேட்டதில்லை.

"வேணாம் சார்" என்றான். "சொன்னா சொன்னதுதான். ஒருத்தரை விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

நல்லதம்பி உதட்டைப் பிதுக்கினார். "சரி, உங்க இஷ்டம்."

வளவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இரண்டு கையிலும் தூக்கு இருந்ததால் அதை அணைக்க மறந்துவிட்டான். நல்லதம்பி அணைக்க விரலைக் கொண்டுபோனபோது உள்ளங்கையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வாங்க தம்பி. தூக்கு வந்திருக்கு, தட்டு வந்திருக்கு. உங்கம்மா எங்க?"

அமிர்தம். ஏசி குளிரிலும் செல்லக்கிளிக்கு வேர்த்தது.

"அம்மாவால வர முடியலை அத்தை" என்றது வளவனின் குரல். "லீவு தர மாட்டேன்னுட்டாங்க."

"பெத்த பொண்ணு வளைகாப்புக்கா?"

"அவங்க மேனேஜர் ஒரு மாதிரி ஆளு அத்தை. ஈவிரக்கம் இல்லாதவன்."

"அவனைப் பெத்தவ என்னத்தைச் சொல்லி வளர்த்தாளோ!"

"அதான் அத்தை" என்றான் வளவன்.

ஆலியா வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் சாமான்களைக் கையில் பிடித்தபடி கேட்டார்கள். தேர் வடம் பிடிக்கிற சத்தம்கூட வெளியே கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. நல்லதம்பி போனைப் பார்த்தார், செல்லக்கிளியைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

போன் தொடர்ந்தது.

"சரி சரி, மணி ஆகுது. முதல் வளையலை நானே போட்டுடறேன். அனு இங்கேயே இருக்கட்டும். ஏய், கையை நீட்டுடி."

செல்லக்கிளி நல்லதம்பியின் உள்ளங்கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"சம்பந்தி! வளையலைக் கீழ வைங்க!"

லால்குடியில் வளவனின் சட்டைப்பை பேசியது. கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவன் நெஞ்சைப் பார்த்தார்களாம். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் கேட்டாளாம்.

"நான் வரேன் சம்பந்தி. இதோ கிளம்பிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அமிர்தம் சட்டைப்பைக்குப் பதில் சொன்னாள்.

"எமகண்டம் உங்க மேனேஜர்கிட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டா வரும்? வரும்போது வாங்க. சாப்பாடு இருக்கும்."

கண்ணாடி வளையல் கையில் ஏறுகிற சத்தம். ஸ்ரீரங்கத்தில் ஏசிக்கு நடுவில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"அம்மா." அனுசுயாவின் குரல். அதில் அழுகை இல்லை. "நீ வா."

அதற்கடுத்து ஒரு கைநிறைய வளையல் ஒன்றாக உடைகிற சத்தம். யாரோ அலறினார்கள். லைன் போய்விட்டது.

செல்லக்கிளி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. போனை முந்தானையில் துடைத்து நல்லதம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

நல்லதம்பி சிரித்தார்.

"உங்க பையன் எந்தக் கம்பெனின்னு சொன்னீங்க?"

"நல்ல கம்பெனின்னு சொன்னேன் சார்."

"ம். தெரியாத வரைக்கும் தப்பில்ல. தெரிஞ்சு போச்சு. இனிமே ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருக்க முடியும்." அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "பெத்தவங்க நீங்க. யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் எதுக்குப் பாவத்தைக் கட்டிக்கணும்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் குரூப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எந்தத் தாயும் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். 'செல்லக்கிளி இன்று முதல்' என்பது வரை எழுதிவிட்டார்.

செல்லக்கிளி வாசலைப் பார்த்தாள். வெளியே தேர் ஒரு அடி நகர்ந்து நின்றது.

"நான் இருக்கேன் சார்" என்றாள்.

"என்னது?"

"நான் இருக்கேன். அவனை அனுப்பிடுங்க. அவனுக்கு நல்லாப் பேச வருது, எங்க போனாலும் வேலை கிடைக்கும். எனக்கு யார் தருவா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கம்பெனி சரித்திரத்தில் அப்படி நின்றதாக முன்பு யாரும் சொன்னதில்லை.

"இன்னிக்கு மிச்ச ஷிப்டை டெல்பின் பார்ப்பா. நாளைக்குக் காலைல நான் வந்துடுவேன்." அவள் கடை அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டியைக் கழற்றி ஒழுங்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வரேன் சார்."

பின்பக்கமாக நழுவவில்லை. முன்வாசல் வழியாகவே போனாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ராஜகோபுரத்துக்கு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறி, "லால்குடி. எவ்வளவு வேகமாப் போக முடியுமோ போப்பா" என்றாள்.

மணி பன்னிரண்டைத் தொட்டது. எமகண்டம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது, யாரிடமும் பர்மிஷன் கேட்காமல்.

போன் கிணுங்கியது. அனுசுயாவோ என்று பதறி எடுத்தாள். குரூப்.

"மூன்றாம் கவுண்டர் ஷிப்ட் மாற்றம் அனுமதிக்கப்பட்டது. இப்படிக்கு, நல்லதம்பி."

அதற்குக் கீழேயே வளவன் எழுதியிருந்தான்:

"யார் அனுமதி கொடுத்தது? மேனேஜர் நான்."

லால்குடியில் உடைந்தது என்ன, அலறியது யார், தங்கை எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு நல்லதம்பியின் அடுத்த செய்தி வந்தது.

"கிளை மேனேஜர் வளவன் இன்று முதல் பணியில் இல்லை. படித்தவர்கள் கட்டைவிரல் போடவும்."

ஒவ்வொரு விரலாக விழுந்தது. ஆலியா போட்டாள். டெல்பின் போட்டாள். வாட்ச்மேன்கூடப் போட்டார்.

கொள்ளிடப் பாலத்தில் ஆட்டோ ஏறியது. அவள் ஒருத்திதான் பாக்கி.

போன் திரையில் காலையில் அப்பிய புளிக்காய்ச்சல் இன்னும் காய்ந்து கிடந்தது. செல்லக்கிளி அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கட்டைவிரலைப் போட்டாள்.